சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்

என் காரின் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ஒரு கீச்சொலி கிளம்பியது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும், அதுவும் வண்டி நிற்கப்போகும் தறுவாயில்தான் கேட்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு நீண்ட சுவரோரமாக மெதுவாக ஓட்டிக் கேட்டேன். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓராண்டுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது பிரேக் பேடுகள் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பட்டைகள்) போட்டிருந்தார்கள். அதற்குள் தேய்ந்திருக்க வழியில்லையே என்று எண்ணிக்கொண்டே ஒரு விடுமுறை நாள் காலையில் சக்கரத்தைக் கழற்றினேன்.

வெளிப்பக்கப் பேடில் 7 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. உள்பக்கப் பேடில் 2. வலது சக்கரத்தையும் கழற்றி அளந்தேன். அங்கே இரண்டிலும் 7. ஒரே நாளில் போட்ட நான்கு பேடுகளில் மூன்று ஒரே சீராகத் தேய்ந்திருக்கின்றன, ஒன்று மட்டும் எஃகுத் தகட்டை நெருங்கும் அளவுக்குக் கரைந்துபோயிருக்கிறது. கீச்சிட்டது அந்தப் பேடின் ஓரத்தில் இருந்த சிறு உலோக நாக்கு. பேடு மெலிந்ததும் டிஸ்கில் உரசி ஓட்டுபவரை எச்சரிக்க வேண்டும் என்பதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

புதுப் பேடு வாங்கிப் போட்டால் ஒலி அன்றே நின்றுவிடும். ஆனால், ஒன்று மட்டும் ஏன் தேய்ந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் புதிதைப் போட்டால், அடுத்த ஆண்டும் இதே இடத்தில் இதே சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

பேடுகளைத் தாங்கி டிஸ்கைக் கவ்வும் பாகம் காலிப்பர். பெரும்பாலான சிறிய கார்களில் அது ஒரு பக்கம் மட்டும்தான் தள்ளும். பிஸ்டன் இருப்பது உள்பக்கத்தில். பிரேக்கை மிதித்ததும் அது உள்பக்கப் பேடை டிஸ்கின் மீது அழுத்துகிறது. அந்த அழுத்தத்தின் எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் சற்றே உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் இழுத்துவந்து டிஸ்கில் பொருத்துகிறது. இரண்டு பேடுகளும் சமமாகப் பிடிப்பது இந்த நகர்வால்தான். அந்த நகர்வுக்கு வழி கொடுப்பவை சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இரண்டு எஃகுப் பின்கள். அவை தம் துளைக்குள் கிரீஸில் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். ஒன்று இறுகிவிட்டாலும் காலிப்பர் நகராது. உள்பக்கப் பேடு மட்டும் தனியாளாக வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்.

மேல் பின் விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. கீழ்ப் பின் அசையவில்லை. அதன் கழுத்தைச் சுற்றியிருந்த ரப்பர் உறையில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். அதன் வழியே ஈரம் இறங்கி, கிரீஸ் காய்ந்து, துரு பிடித்து, பின்னும் துளையும் ஒன்றாகிப்போயிருந்தன. துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டுக் காத்திருந்தேன். ஸ்பேனரை மாட்டி இப்படி ஒரு கால் சுற்று, அப்படி ஒரு கால் சுற்று. முதலில் சுற்றியது, ஆனால் வெளியே வரவில்லை. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காத்திருப்பு. முக்கால் மணி நேரம் கழித்து அரிசி மணியளவு வெளியே வந்தது. அதன் பிறகு சுற்றிச் சுற்றி இழுத்ததில், காப்பி நிறத்தில் ஒரு குழம்பைப் பூசிக்கொண்டு முழுதாக வந்து கையில் விழுந்தது. துணியால் துடைத்துப் பார்த்தால் நடுப்பகுதியில் தேமல் போலத் துருப் படை. மேல் பின்னோ வெள்ளிபோலப் பளபளத்தது. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துளையைத் துடைத்து, புதிய பின்னும் புதிய ரப்பர் உறையும் போட்டு, சிலிக்கோன் கிரீஸ் பூசினேன். இந்த இடத்தில் சாதாரண கிரீஸ் ஆகாது. பெட்ரோலியம் கலந்த கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போய், பின் மறுபடியும் இறுகும். இப்போது காலிப்பரை ஒற்றை விரலால் தள்ளினால் போகிறது, இழுத்தால் வருகிறது. பிரேக் பேடுகளை ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. இரண்டு முன்சக்கரங்களும் ஒரேபோலப் பிடிக்க வேண்டும். அதனால் நான்கையும் மாற்றினேன்.

ஓராண்டுக்கு முன் பேடு மாற்றிய மெக்கானிக்கின் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. ஒரு பின்னை உருவிப் பார்க்காமல் காலிப்பரை மூடியிருக்கக் கூடாது. அதே வேளையில், அவர் பின்னால் எத்தனை வண்டிகள் காத்திருந்தன என்பதும் எனக்குத் தெரியும். இறுகிய ஒரு பின்னோடு மன்றாட அவரிடம் முக்கால் மணி நேரம் இல்லை. அவருடைய கைத்திறனில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு வராது. அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது: நேரம். காரை வீட்டில் பழுது பார்ப்பதில் செலவு மிச்சமாகும் என்று பலரும் சொல்வார்கள், அது உண்மைதான். என்னை வண்டிக்கு அடியில் படுக்கவைப்பது இந்த நேரம்தான். அவசரப்படுத்த யாரும் இல்லாமல், ஒரு பழுதின் வேர் வரை போய்ப் பார்க்கும் வாய்ப்பு.

உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணமே சொந்தக் கையால் பழுது பார்த்துக்கொண்டு போன பயணம்தான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், தம் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 106 கிலோமீட்டர் ஓட்டிப்போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். மரத்தால் ஆன பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி அவற்றின் மேல் தோல் அடித்து வாங்கிக்கொண்டார். இன்றைய பிரேக் பேடின் முன்னோடி அந்தத் தோல்துண்டு. கையில் பழைய பேடை வைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். கார் பட்டறை என்ற ஒன்றே இல்லாத காலத்தில், வண்டி நின்றால் ஏன் நின்றது என்று தாமே யோசித்துப் புறப்பட்டவர்.

இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களிடம் நான் ஸ்பேனரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஜாக்கியைப் பற்றிப் பேசுவேன். வண்டியோடு வரும் ஜாக்கி, வழியில் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதன் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கி உறுதியாகத் தோன்றும். உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம் கசிந்தால் வண்டி சத்தமே இல்லாமல் இறங்கும். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. வண்டியைத் தூக்கி, அதைத் தாங்கும் கால்களான ஸ்டாண்டுகளை அடியில் வைத்துவிட்டு, அவற்றுக்கு மேல் ஒரு விரல் இடைவெளி இருக்கும்போதே சாப்பிடப் போய்விட்டேன். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து பார்த்தபோது இடைவெளி இல்லை. வண்டி தானாக இறங்கி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அன்று முதல், ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு என்று பிரித்துவைத்துக்கொண்டேன். தூக்கியதும் ஸ்டாண்டின் மேல் இறக்கி, பக்கவாட்டில் நன்றாக ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்த பிறகே அடியில் போகிறேன். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிடுவேன். எல்லாம் கைவிட்டாலும் அந்தச் சக்கரத்தின் தடிமன் அளவுக்காவது உயிருக்கு இடம் இருக்கும். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். தரையைத் தொடும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வேண்டும். பேச்சில் தடை என்ற பொருளில் நாம் சலித்துக்கொள்ளும் அந்தச் சொல், இங்கே தன் பழைய பொருளோடு நின்று காவல் காக்கிறது.

முதல் வேலையாக எதை எடுப்பது என்று கேட்டால், ஏர் ஃபில்டர் என்பேன். நான்கு கிளிப்புகளைத் தட்டினால் மூடி திறந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அடுத்தது எஞ்சின் ஆயில். இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன் இருக்கும் எண், குளிர்ந்த எஞ்சினில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின் இருக்கும் எண், சூடான நிலையில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் சொல்கின்றன. எது வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. அதைத் தாண்டி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தினால் ஆயில் இளகி, அழுக்கையும் இழுத்துக்கொண்டு வடியும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். சில நேரம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே அழுத்தம் தாங்காமல் ஆயில் பீறிட்டுத் தரையில் குளமாகும். புது வளையத்தில் விரலால் ஒரு சொட்டு ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும்.

அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டை மாட்டும்போது நான் விடாமல் செய்யும் ஒன்று உண்டு. போல்ட்டை மரையில் வைத்ததும் முதலில் இறுக்கும் திசைக்கு எதிராகச் சுற்றுவேன். ஒரு இடத்தில் மரையின் முனை மரையில் இறங்கி, விரலுக்கு ‘டக்’ என்று ஒரு சிறு துள்ளல் தெரியும். அங்கிருந்து இறுக்கும் திசையில் திருப்பினால் போல்ட் கோணாமல் ஏறும். ஆயில் தொட்டி பல வண்டிகளில் அலுமினியம், போல்ட் எஃகு. கோணலாக ஏறும் எஃகு அலுமினியத்தை வெண்ணெய்போல வழித்தெடுத்துவிடும். இரண்டு மூன்று சுற்று விரலாலேயே ஏறாத போல்ட்டுக்கு நான் ஸ்பேனர் போடுவதில்லை.

எவ்வளவு இறுக்குவது என்பதைக் கை சொல்லும் என்று நம்பியிருந்தேன். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி, நான் வழக்கமாக இறுக்கும் சக்கர நட்டுகளைச் சோதித்தபோது அந்த நம்பிக்கை போனது. ஒன்று மிகத் தளர்வு, அதன் பக்கத்து நட்டு மிக இறுக்கம். சிறிய கார்களில் சக்கர நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் என்று கையேடு சொல்லும். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் திருகுவிசை அது. அடுத்தடுத்த நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராகத் தாவித் தாவி இறுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சாயாமல் உட்காரும். கடைசி இறுக்கு சக்கரம் தரையைத் தொட்ட பிறகு.

பழைய ஆயிலை மண்ணில் கொட்டாதீர்கள். புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

எஞ்சின் விளக்கு எரிந்ததும் பலருக்குக் கை நடுங்குகிறது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களில் 2001 முதலும் ஒரே பொதுவான கண்டறியும் முறை கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைச் செருகினால் பழுதின் எண்ணைப் படித்துவிடலாம். என் வண்டி நின்ற இடத்தில் குலுங்கத் தொடங்கியபோது பி0301 என்று காட்டியது. முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். காரணம் தீப்பொறி தரும் பிளக்காக இருக்கலாம், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலாக இருக்கலாம், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டராக இருக்கலாம். அந்த எண் சொல்வது நோயின் குறியை மட்டும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று அது சொல்லாது. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினேன், இரண்டாவதை முதலில் மாட்டினேன். எண்ணை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினேன். இப்போது பி0302. பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது. ஒரு காயில் வாங்கி மாட்டியதும் குலுக்கல் நின்றது. ஒரு பாகம்கூட வீணாக வாங்கவில்லை. அந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பரீட்சையில் கடினமான கணக்கு ஒன்றுக்கு விடை சரியாக வந்தபோது சிறுவயதில் ஏற்பட்டதைப் போன்றது.

தொடக் கூடாதவையும் உண்டு. அவற்றில் எனக்குச் சமரசமே இல்லை. ஏர்பேக் வெடித்துத் திறக்கும் பொருள். அதன் கம்பிகளில் கை வைப்பதில்லை. சஸ்பென்ஷன் சுருள்வில் ஓர் ஆளைத் தூக்கி எறியும் விசையை அடக்கிக்கொண்டு நிற்கிறது. ஏசி வாயுவைத் திறந்துவிடுவது தோலையும் கண்ணையும் உறையவைக்கும், காற்றையும் கெடுக்கும். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் ஓடுபவை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது இவை அனைத்திலும் எளிதாகச் செய்துவிடக்கூடிய தவறு. அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி தளர்ந்த கணமே முகத்தில் அடிக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும். நாயும் பூனையும் நக்கிவிடும்.

பிரேக் வேலைக்கு மட்டும் இன்னொரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். புதுப் பேடு போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். வேலை முடிந்து முதன்முறை மிதிக்கும்போது பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்தாக வேண்டும். இதை மறந்து ஒருமுறை கியர் போட்டுவிட்டேன், ஹேண்ட்பிரேக் காப்பாற்றியது. இப்போது பேடைத் தொடும் முன்பே ‘பெடல்’ என்று ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுகிறேன். மிதித்து முடித்த பிறகுதான் அந்தத் தாளைக் கிழிப்பது.

செய்த எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்: தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம், அளந்த அளவு. அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டது தெரிந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகைக்கான தரம், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை வேண்டும் என்கிறது. 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் 155 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது அதே தரம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியானால், பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே வெறும் நீராவிதான் இருக்கும். அது அமுங்கிவிடும், பிரேக் பிடிக்காது.

நேற்று மாற்றத் தொடங்கினேன். நான்கு சக்கரங்களிலும் காலிப்பரின் தலையில் இருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, பழையதை வெளியேற்றிப் புதியதை வரவழைக்க வேண்டும். மூன்று சக்கரங்கள் முடிந்தன. வெளியே வந்தது கறுத்த தேன் நிறம். போகப்போக வெளுத்துத் தெளிந்தது. நான்காவது, பின்பக்க வலது சக்கரத்தின் திருகு அசையவில்லை. ஸ்பேனரில் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் உடைந்துவிடும் என்று கை உணர்ந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். உடைந்தால் காலிப்பரையே மாற்ற வேண்டியிருக்கும். டிஸ்கையும் பேடையும் துணியால் போர்த்திவிட்டு, கம்பி பிரஷ்ஷால் திருகின் அடியைச் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டேன். இரவு படுக்கும் முன் மறுபடியும் இரண்டு சொட்டு.

வண்டி இப்போது ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. ஸ்டீயரிங்கில் தாள் ஒட்டியிருக்கிறது. நாளை காலையில் ஆறுமுனை சாக்கெட்டை மாட்டி, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துப் பார்ப்பேன். துருவின் பிடி அப்படித்தான் பல நேரம் விடுகிறது.